முத்திரைத்தாள் விவாகரத்து

(தோட்டக் கிராணி ஒருவர் எழுதுவது)

"குடும்ப வழக்கைக் கோர்ட்டுப் படியேற்றுவது குலத்துக்கு இழுக்கு, கோயிலடியில் நாலு பெரியவர் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வதே தமிழர்க்கு அழகு" என்று சொல்லும் பிரமுகர்கள் நம்மிடையே இன்றும் மலிந்திருக்கின்றனர். அண்மையில் எங்கள் வட்டாரத்து ஆலயமொன்றின் கூட்டத்திலே ஒருவர் இதனை மேடையேறி முழங்கினார். சபையோர் கரகோஷம் செய்தனர். கரகோஷம் செய்தவர்களிற் பாதிப்பேர் பெண்கள். நான் செய்யவில்லை. ஏனென்று பக்கத்திலிருந்த நண்பர் கேட்டார். அன்று பதில் சொல்ல நாவெழவில்லை; இன்று எழுதுகிறேன்.

கோர்ட்டின் புகழ் பாட நான் வரவில்லை என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக்குப் போய்க் குடிகெட்டவர்களை நானும் கண்டிருக்கிறேன். அவர்களைப் பற்றியும் பின்னே சொல்வேன். ஆனால், கோர்ட்டைப் பழிக்கும் இப்பெரியவர்கள் அதற்கு மாற்றாக நம் கையில் எதைக் கொடுக்கிறார்கள்? ஒரு முத்திரைத்தாளைக் கொடுக்கிறார்கள். அத்தாளை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

அது 2013ஆம் ஆண்டு. கீழ்ப்பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி வேலைக்குச் சேர்ந்து இரண்டாண்டு ஆகியிருந்தது, வயது இருபத்தாறு. எங்கள் தோட்டத்தில் ஒரு தம்பதிக்குள் மனம் முறிந்தது. யார் மேல் குற்றம் என்பதை இங்கே ஆராயப் போவதில்லை. அது அவர்கள் சொந்த விஷயம். கோயில் முன் கொட்டகையில் பஞ்சாயத்துக் கூடிற்று. ஆலயத் தலைவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர், மளிகைக் கடைக்காரர், மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆகியோர் நாற்காலிகளில் வீற்றிருந்தனர். பெண் தன் தாயின் பின்னே, தூணோரம் நின்றிருந்தாள். இரண்டு மணி நேரம் பேச்சு நடந்தது. அவ்வளவு நேரத்திலும் அவளை நோக்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்பட்டது: "சம்மதந்தானே அம்மா?" அவள் தலையசைத்தாள். அசைக்காமல் வேறென்ன செய்வாள்? தகப்பனில்லாதவள், நின்றதோ கணவன் வீட்டார் பெரும்பான்மையான சபை.

எழுதுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். காரணம், நான் ஆங்கிலம் படித்தவன். ஆங்கிலத்தில் இருந்தால்தான் தாளுக்குக் கனம் என்பது சபையின் அபிப்பிராயம். நானும் இளமையின் செருக்கிலே, எங்கோ படித்த வக்கீல் நோட்டீசின் வாசகங்களையெல்லாம் சேர்த்துப் பின்னி அழகாக எழுதினேன். "இன்று முதல் இருவருக்கும் புருஷன் மனைவி என்ற பந்தம் இல்லை, பெண்ணுக்கு ரொக்கம் 3,000 வெள்ளி கொடுக்கப்பட்டது, நான்கு வயதுக் குழந்தை தாயிடமே இருக்கும், இனி எக்காலத்தும் ஒருவர் மீது ஒருவருக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை." பத்து வெள்ளி முத்திரை ஒட்டி, இருவரும் கையெழுத்திட்டு, நால்வர் சாட்சியிட்டு, மறுநாள் பட்டணத்திலே சத்தியப்பிரமாணக் கமிஷனர் ஒருவரின் ரப்பர் முத்திரையும் அதன் மேல் விழுந்தது. சபையோர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தனர். ஆங்கிலம் தெரிந்த எனக்குச் சட்டம் தெரியாது என்பதை அச்சபையில் ஒருவரும் ஐயுறவில்லை, நானும் ஐயுறவில்லை.

ஆறாண்டு கழித்து, 2019இன் இறுதியில், அப்பெண் என் ஆபீசு வாசலில் வந்து நின்றாள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளை மணக்க ஒருவர் முன்வந்திருந்தார். இருவரும் பதிவிலாகாவுக்குச் சென்று மனுக் கொடுத்தனர். முகப்பிலிருந்த உத்தியோகஸ்தர் அவளது அடையாளக் கார்டு எண்ணைத் தட்டிப் பார்த்தார். "நீங்கள் ஏற்கெனவே மணமானவர்; பதிவு இன்னும் நிலுவையில் இருக்கிறதே" என்றார். இவள் என் கையெழுத்திலிருந்த தாளை எடுத்து நீட்டினாள். அவர் அதை முதலிலிருந்து கடைசிவரை பொறுமையோடு படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"கிராணி ஐயா, நீங்கதானே எழுதினீங்க? இதுல என்ன குறை?" என்று அவள் என்னைக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. ஏதோ ஒரு முத்திரை விட்டுப்போயிற்று, அதை வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு கேட்டாள்.

அன்றிரவுதான் நான் முதன்முறையாக அந்தச் சட்டத்தை வாங்கிப் படித்தேன். அதன் பெயர், 1976ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (விவாக, விவாகரத்து)ச் சட்டம். முஸ்லிம்கள் நீங்கலாக இந்நாட்டிலுள்ள மற்றவரிற் பெரும்பாலோர்க்கு அதுவே குடும்பச் சட்டம். 1982 மார்ச்சு முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. அதன் எட்டாம் பிரிவு சொல்வது யாதெனின், முறைப்படி நடந்த ஒரு விவாகம் மூன்று வழிகளிலேதான் முடிவுறும்: ஒருவர் இறந்தால், கோர்ட்டு உத்தரவால் ரத்தானால், அல்லது அவ்விவாகம் செல்லாதென்று கோர்ட்டு தீர்மானித்தால். நான்காவது வழி கிடையாது. கோயிலடியும், முத்திரைத்தாளும், நாலு சாட்சியும், கிராணியின் ஆங்கிலமும் அந்த மூன்றில் எதிலே அடங்கும்?

சரி, பந்தம்தான் அறவில்லை. பணத்தைப் பற்றி எழுதியதாவது நிற்குமா என்று பார்த்தேன். எண்பதாம் பிரிவு குறுக்கே நின்றது. வருங்கால ஜீவனாம்சத்துக்கெல்லாம் ஈடாக ஒரு மொத்தத் தொகை கொடுத்துத் தீர்த்துக்கொள்ளும் உடன்பாடு, கோர்ட்டு அதை அங்கீகரிக்கும் வரையில் செல்லாது. குழந்தையைப் பற்றியோ 97ஆம் பிரிவு இன்னும் தெளிவு. தாய் தந்தையர் தமக்குள் என்ன எழுதிக்கொண்டாலும், குழந்தையின் நன்மைக்கு அவசியமென்று கண்டால் கோர்ட்டு அதை மாற்றியமைக்கலாம். ஆகவே, "எக்காலத்தும் பாத்தியதை இல்லை" என்று நான் எழுதிய வாக்கியம் வெறும் மை.

கணக்குப் போடுவது என் தொழில். மாதந்தோறும் நூற்றுக்கணக்கானவர் சம்பளத்தைச் சதம் பிசகாமல் போடுகிறவன் நான். அன்று பஞ்சாயத்திலே மட்டும் கணக்குப் போடத் தோன்றவில்லை. இப்போது போடுகிறேன், வாசகரும் போட்டுப் பார்க்கலாம். நான்கு வயதுக் குழந்தை பதினெட்டு வயதாக இன்னும் 14 ஆண்டு. அதாவது 168 மாதம். 3,000 வெள்ளியை 168ஆல் வகுத்தால் மாதத்துக்குப் பதினெட்டு வெள்ளிக்கும் குறைவு. தாய்க்கு ஒரு காசும் இல்லையென்று வைத்துக்கொண்டு, முழுத் தொகையும் குழந்தைக்கே என்று கொண்டால் வரும் கணக்கு இது. ஒரு பிள்ளையின் சோறு, துணி, பள்ளிக்கூட வேன் வாடகை எல்லாவற்றுக்கும் நம் பெரியவர்கள் வகுத்த தர்மம் நாளொன்றுக்கு அறுபது காசு! "பேசித் தீர்த்தோம்" என்று மார்தட்டுகிறோமே, யாருடைய பேச்சு? யாருடைய தீர்வு?

இப்பெரியவர்களை முழு மூடரென்று நான் சொல்லமாட்டேன். அவர்களது எண்ணத்துக்கு ஒரு வேர் உண்டு. தமிழ்நாட்டில் நம் முன்னோர் சமூகங்கள் பலவற்றில் பஞ்சாயத்தார் முன் தாலியைத் திருப்பிக் கொடுத்துப் பிரிவதும், அதன்பின் அறுத்துக்கட்டுவதும் ஆதிவழக்கம். விதவையை மூலையில் தள்ளிய மேல்சாதி ஆசாரத்தைவிட இது எவ்வளவோ மனிதத்தன்மை வாய்ந்தது. அதற்காக நம் பாட்டன்மாரைப் போற்றவே வேண்டும். இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டம்கூட, வழக்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட அத்தகைய விவாகரத்து உரிமையைத் தன் 29ஆம் பிரிவில் காப்பாற்றி வைத்திருக்கிறது. அங்கே ஒரு சமூகத்தின் வழக்கத்தைச் சாட்சிகொண்டு நிரூபிப்பவனுக்குப் பஞ்சாயத்துப் பிரிவு உதவக்கூடும். இந்த நாட்டுச் சட்டத்தில் அந்த வாசல் இல்லை. கப்பலேறி வந்த வழக்கம் 1982க்குப் பின் கரையில் நின்றுவிட்டது. நாம் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஊருக்குப் போய்வந்த உறவினர் சொல்லக்கேட்டு, "அங்கே செல்லுகிறதே, இங்கே ஏன் செல்லாது?" என்பார்க்கு இதுவே விடை.

செல்லாத தாளால் என்ன நஷ்டம், பிரிந்தவர் பிரிந்தே வாழ்கிறார்களே என்று ஒருவர் கேட்கலாம். அவரை என் ஆபீசு மேசைக்கு வருமாறு அழைக்கிறேன். தொழிலாளி ஒருவன் வேலைக்கு வரும் வழியில் விபத்தில் மாண்டால், சொக்சோ பாரங்களை நிரப்புவது நான். 1969ஆம் ஆண்டின் அச்சட்டப்படி, விதவையும் பிள்ளைகளும் இருந்தால் உதவித்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு விதவைக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. விதவை யார்? எவளுடைய விவாகம் சட்டப்படி முறியவில்லையோ அவளே. கோயிலடியில் "தீர்த்து" விடப்பட்டு, பத்தாண்டாக அவன் முகத்தையே பாராதவள் சட்டத்தின் கண்ணில் விதவை. அவனோடு வாழ்ந்து, அவனுக்குச் சோறாக்கிப் போட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவள் யாருமில்லை. "நான் இத்தனை வருஷம் யாரு அய்யா?" என்று ஒரு பெண் என்னைக் கேட்டிருக்கிறாள். பாரத்திலே அதற்குக் கட்டம் கிடையாது.

இன்னும் கேளுங்கள். முதல் விவாகம் நிலுவையில் இருக்கையில் மறுபடி தாலி கட்டினால் அந்த மணம் செல்லாது. அதோடு இருதாரக் குற்றமாகி ஏழாண்டு வரை சிறையும் நேரலாம். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அப்படிப்பட்ட வாழ்வில் ஒரு குழந்தை பிறந்தால், 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, விவாகம் நிலவும் காலத்தில் பிறந்த பிள்ளை சட்டபூர்வக் கணவனுடையதே என்றுதான் கொள்ளும். இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இல்லையென்று நிரூபித்தாலொழிய அது மாறாது. பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் எந்தப் பெயரை எழுதுவது? பெற்றவன் பெயரையா, பஞ்சாயத்திலே பிரித்துவிடப்பட்டவன் பெயரையா? அந்தப் பிள்ளைக்காகப் பதிவிலாகா முகப்பில் நிற்கவேண்டியவள் தாய். நாற்காலியில் வீற்றிருந்த நால்வரில் ஒருவரும் அவளோடு அங்கே போய் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனி, கோர்ட்டைப் பற்றி.

பெரியவர்கள் கோர்ட்டைக் கண்டு அஞ்சுவதிலே நியாயம் இருக்கிறது. விவாகரத்து மனுவை விசாரிப்பது ஹைகோர்ட்டு. எங்கள் பகுதித் தொழிலாளி அதற்காக ஈப்போவுக்குப் போகவேண்டும். ஒரு நாள் சம்பளம், இருவழிப் பயணம், வக்கீல் கட்டணம் எல்லாம் அவன் தலையில். ஒருவர் மட்டும் மனுச் செய்து மற்றவர் எதிர்த்தால், விவாகம் மீளமுடியாதபடி முறிந்ததென்று காட்டவேண்டும். சோரம், சகித்து வாழமுடியாத நடத்தை, இரண்டாண்டு கைவிட்டிருத்தல், இரண்டாண்டு பிரிந்து வாழ்தல் என்பவற்றில் ஒன்றையாவது கோர்ட்டின் முன் வைத்தாகவேண்டும். அங்கேதான் நாற்றம் தொடங்குகிறது. பத்து வருஷம் ஒரு தட்டில் உண்டவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சத்தியக் கடுதாசியில் சேற்றை வாரியிறைக்கிறார்கள். ஒரு வக்கீல் எழுதியதற்கு இன்னொரு வக்கீல் மறுப்பு எழுத, மறுப்புக்கு மறுப்பு எழுத, எரிகிற வீட்டில் குளிர்காய்வோர்க்குப் பஞ்சமில்லை.

பட்டணத்துத் தம்பதி ஒன்றை அறிவேன். இருவரும் படித்தவர், இருவரும் உத்தியோகஸ்தர். மலிவுவிலை வீடொன்றும் ஒரு பையனும் அவர்களுக்கிடையே வழக்கு. நாலாண்டு நடந்தது. முடிவில் வீட்டை விற்றார்கள். விற்ற பணம் இரு பக்கத்துக் கட்டணத்துக்கும் கடனுக்கும் சரியாய்ப் போயிற்று. பையன் எட்டு வயதில் தொடங்கிப் பன்னிரண்டு வயது வரையில், "யாரோடு இருக்க விருப்பம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே வளர்ந்தான். இவர்கள் எதிலே தவறினார்கள்? கோர்ட்டுக்குப் போனதில் அன்று. பேசி முடிக்கவேண்டியதைப் பேசாமல் போனதில்.

முத்திரைத்தாளுக்கும் இந்த நாலாண்டு யுத்தத்துக்கும் நடுவே ஒரு வழி, சட்டத்தின் 52ஆம் பிரிவிலே, 1982 முதல் திறந்தே கிடக்கிறது. நம்மவரிற் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அதற்குக் கூட்டு மனு என்று பெயர். மணமாகி இரண்டாண்டு கடந்தபின், புருஷனும் மனைவியும் பிரிவதென்று இருவருமே இசைந்தால், இருவரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டுக் கோர்ட்டுக்குக் கொடுக்கலாம். யார் மேலும் குற்றம் சாட்டவேண்டியதில்லை. சமரச சபைக்குப் போய்ச் சான்று வாங்கவேண்டுமென்ற விதியும் கூட்டு மனுவுக்கு இல்லை. நீதிபதி பார்ப்பவை இரண்டு: இருவரும் மனமாரச் சம்மதித்தார்களா, மனைவிக்கும், பிள்ளைகளின் பராமரிப்புக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறதா. இவ்விரண்டும் திருப்தியானால் உத்தரவாகும். சாதாரணமாக மூன்று மாதங் கழித்து அது உறுதியாகும்.

இவ்விரண்டு கேள்விகளை உற்றுநோக்குங்கள். எங்கள் கோயிலடியில் கேட்கப்படாத கேள்விகள் இவையே. "சம்மதந்தானே அம்மா" என்று சபை நடுவே கேட்பது வேறு; அவள் மனமாரச் சம்மதித்தாளா என்று, அவளுக்கு உறவோ பகையோ இல்லாத ஒருவர் சோதித்தறிவது வேறு. குழந்தைக்கு அறுபது காசு என்று எழுதிய மனுவை எந்த நீதிபதி "தக்க ஏற்பாடு" என்று ஒப்புவார்? வீட்டிலே பேசி முடிவு செய்யலாம். பெரியவர்களை வைத்தும் பேசலாம். சட்ட உதவி இலாகாவின் மத்தியஸ்தர் முன் பேசலாம். 2012ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டப்படி பயிற்சி பெற்ற ஒருவரை வைத்தும் பேசலாம். பேசியதைக் கோர்ட்டு பார்த்து முத்திரையிட வேண்டும். அம்முத்திரை இல்லாத பேச்சு, பலமுள்ளவன் நினைவு வைத்திருக்கும் வரைக்குந்தான் நிற்கும்.

பேசும்போது பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில உண்டு. 2017இல் திருத்தப்பட்டு 2018 டிசம்பர் 15 முதல் அமலான விதிகளின்படி, பிள்ளை பதினெட்டு வயதைத் தாண்டியும் மேற்படிப்போ பயிற்சியோ பெற்றுக்கொண்டிருந்தால் பராமரிப்புத் தொடரலாம். மணவாழ்வில் சேர்ந்த சொத்தைப் பிரிக்கையில், சம்பாதிக்காமல் வீட்டைப் பார்த்துக்கொண்டவளின் உழைப்பும் கணக்கில் சேரும். சமமாகப் பிரிப்பதையே கோர்ட்டு நாடவேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பதே நலமென்பது சட்டத்தின் அனுமானம். அதை மறுத்து நிரூபிக்க இடமுண்டு. விவாகரத்தே வேண்டாம், சோற்றுக்கு வழி செய்தால் போதும் என்பவளுக்கு 1950ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கு ஹைகோர்ட்டு வரை போகவேண்டியதில்லை, கீழ்க்கோர்ட்டே போதும். இவற்றை அறிந்தவள் பேச்சுமேசையில் உட்காருவது ஒரு விதம். அறியாதவள் தூணோரம் நிற்பது இன்னொரு விதம்.

ஒருவர் பிரிய இசையாதபோது கூட்டு மனு இயலாது. அப்பொழுது 106ஆம் பிரிவின்படி, கோர்ட்டுக்கு முன்னே சமரச சபைக்குப் போயாகவேண்டும். சபை ஆறு மாதத்துக்குள் முயன்று பார்த்து, முடியாவிட்டால் சான்று கொடுக்கும். பெரும்பாலோர் போவது பதிவிலாகாவின் விவாக சபைக்கு. அங்கே வக்கீலுக்கு இடமில்லை. வருபவர் தம் வாயால்தான் பேசவேண்டும். நல்ல ஏற்பாடு. நம்மவரோ அதை ஒரு சுங்கச்சாவடி போல் எண்ணி, சான்றை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். கணவன்மாரில் சிலர் வருவதேயில்லை. மனத்தைத் திறந்து பேசக் கிடைத்த ஒரே மேசையை இப்படி வீணாக்குகிறோம்.

இவ்விடத்திலேதான் பிரமுகர்களோடு எனக்கு உண்மையான சண்டை. அதே 106ஆம் பிரிவு, ஒரு மதத்தின், சமூகத்தின், குலத்தின் அல்லது சங்கத்தின் தகுந்த அதிகாரிகள் சமரசத்துக்கென்று அமைக்கும் சபையையும் ஏற்றுக்கொள்கிறது. கோயிலடியில் பேசுவதே மேன்மை என்கிறீர்களே ஐயா, சட்டமே உங்களுக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது! முறைப்படி ஒரு சபை அமைத்து, குறிப்பேடு வைத்து, பெண் அங்கத்தினர்களைச் சேர்த்து, ஒழுங்காக நடத்துங்கள். எத்தனை ஆலயக் கமிட்டிகள் இதை ஒரு கூட்டத்திலாவது எடுத்துப் பேசின? கும்பாபிஷேகத்துக்கு ஆறு மாதம் கமிட்டி கூடுகிறது. கோபுரத்துப் பொம்மைக்கு எந்த வர்ணம் என்பதில் வாக்கெடுப்பு நடக்கிறது. சிதையும் குடும்பத்துக்கு மட்டும் ஒரு சாயங்காலமும் ஒரு முத்திரைத்தாளும் போதுமாம்!

சிங்கப்பூர்த் தோழர்கள் இதைப் படிக்கும்போது நகைக்கக்கூடும். அங்கே 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து இருவரும் இசைந்து பிரியலாமென்ற ஏற்பாடும் அதிலே சேர்ந்திருக்கிறது. குற்றஞ்சாட்டாமல் கூட்டாகப் பிரியும் வழி நமக்கு அவர்களுக்கு முன்னரே இருந்தது. இருந்தும் அறியாமற் கிடந்தோம் என்பதே வேறுபாடு.

ஒன்று மட்டும் கண்டிப்பாய்ச் சொல்லவேண்டும். அடி உதை உள்ள வீட்டுக்குச் சமரசம் பேச யாரும் நாற்காலி போடலாகாது. மலிவுச் சம்சுவைக் குடித்துவிட்டு மனைவியின் பல்லை உடைத்தவனை அழைத்து, "இனிமே செய்யாதேப்பா" என்று சொல்லி, அவளையும் "பொறுத்துக்கோ தாயி" என்று அனுப்பி வைக்கும் பஞ்சாயத்துகளைக் கண்டிருக்கிறேன். "கல்லானாலும் கணவன்" என்ற பழமொழி அங்கே தவறாமல் வரும். கல்லாயிருந்தாலாவது சும்மா கிடக்கும். இது கையுள்ள கல் அன்றோ? 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இத்தகையவளுக்காகவே இருக்கிறது. போலீசில் புகார் கொடுத்துக் கோர்ட்டின் பாதுகாப்பு உத்தரவு பெறலாம். அவசரத்துக்குச் சமூகநல இலாகாவின் அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தரே ஏழு நாளுக்குப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். 15999 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். விவாகரத்து மனு என்று வந்தாலும், விசேஷக் காரணங்களால் சமரச சபைக்குப் போவது நடைமுறைக்கு ஒவ்வாதென்று கோர்ட்டு கண்டால் அந்த விதியிலிருந்து விலக்குண்டு. அவளை அடித்தவனோடு ஒரே மேசையில் உட்காரவைத்தே தீரவேண்டும் என்று சட்டம்கூடச் சொல்லவில்லை. நாம் ஏன் சொல்லவேண்டும்?

"இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் பெண்கள் துணிந்து வீட்டைவிட்டுப் போய்விடுவார்கள், குடும்பம் என்ற ஏற்பாடே குலைந்துவிடும்" என்று என்னிடம் ஒரு சக உத்தியோகஸ்தர் வாதித்தார். அவருக்கு நான் சொன்னது இதுதான்: கோயிலடியில் நம்மவர் குடும்பங்களைப் பிரிக்காமலா இருக்கிறார்கள்? பிரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். பிரித்தபின் அவளுக்கும் பிள்ளைக்கும் என்ன மிஞ்சுகிறது என்பதை மட்டுமே நான் கேட்கிறேன். அவர் மேலே பேசவில்லை, ஒப்புக்கொண்டதாகவும் சொல்லவில்லை.

என்னிடம் தாளோடு வந்த பெண்ணின் கதையை முடித்துவிடுகிறேன். அவளுடைய முன்னாள் கணவன் ஜோகூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். தேடிப் பிடித்துப் பேசினேன். வியப்பு என்னவென்றால், அவனும் அதே வலையில் சிக்கியிருந்தான். வேறொரு பெண்ணோடு வாழ்ந்தும் பதிவு செய்ய முடியாமல் தவித்தான். இருவருக்கும் பகை ஒன்றும் மிச்சமில்லை. நியாயமான கட்டணத்துக்கு இசைந்த வக்கீல் ஒருவர் (அத்தகையவரும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கலாகாது) கூட்டு மனு தயாரித்தார். மகளுக்கு மாதம் 300 வெள்ளி என்று ஒப்புக்கொண்டான். 2020ஆம் ஆண்டின் நடமாட்டக் கட்டுப்பாட்டிலே பல மாதங்கள் கழிந்தன; 2021இல் உத்தரவாயிற்று. நீதிபதியின் முன் அவர்கள் நின்றது அரைமணி நேரமும் இராது. 2013இலேயே இதைச் செய்திருக்கலாம். எட்டாண்டு! அதிலே என் கையெழுத்துக்கும் பங்குண்டு.

அதற்குப் பிறகு, தோட்டத்தில் யார் வந்து கேட்டாலும் அத்தகைய தாளை நான் எழுதுவதில்லை. கூட்டு மனுவின் விவரத்தையும் சட்ட உதவி இலாகாவின் விலாசத்தையும் தமிழில் தட்டச்சு செய்து மேசையில் வைத்திருக்கிறேன். கேட்பவர்க்கு ஒன்று கொடுப்பேன். மற்றத் தோட்டங்களில் உள்ள கிராணி நண்பர்களையும் இதையே வேண்டிக்கொள்கிறேன். நாம் எழுதாவிட்டால் பாதிப் பஞ்சாயத்துக்குத் தாளே கிடையாது.

எங்கள் ஆலயத்தின் ஆண்டுக்கூட்டம் வருகிறது. 106ஆம் பிரிவின்படி சமரச சபையொன்று அமைக்க ஆவன செய்வதென்றும், அதிலே பாதி இடம் பெண்களுக்கென்றும், விவாகத்தை முறிக்கும் தாள் எதிலும் கமிட்டியார் சாட்சிக் கையெழுத்திடலாகாதென்றும் ஒரு தீர்மானம் எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். ஆமோதிக்க இருவர் முன்வந்தனர். இருவரும் பெண்கள். அங்கத்தினர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, சந்தா அவ்விருவர் கணவன்மார் பெயரில் எழுதப்பட்டிருப்பதால் அவர்களுக்கு வாக்கில்லையென்று காரியதரிசி சொல்லிவிட்டார். ஆகவே இவ்வருஷச் சந்தாவை அவரவர் பெயரிலேயே கட்டி ரசீது வாங்கியிருக்கிறார்கள். தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருக்கிறது.